எந்த வாசல் அருகில் இருக்கிறது? பிறமத அண்டை வீட்டாரும் நாமும்

(ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான முஹம்மத் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்தது. தமக்கு இரண்டு அண்டை வீட்டார் இருக்கிறார்கள். ஏதாவது அன்பளிப்பு கொடுப்பதென்றால் யாருக்கு முதலில் கொடுப்பது என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். இருவரில் யாருடைய வாசல் அருகில் இருக்கிறதோ அவருக்கு என்று நபியவர்கள் வழிகாட்டினார்கள். (புகாரி: 2259)

இந்தப் பதிலைக் கொஞ்சம் நிதானமாகக் கவனியுங்கள். அண்டை வீட்டாருக்கு முன்னுரிமை தர நபியவர்கள் வைத்த அளவுகோல் வாசலின் தூரம். இப்போது உங்கள் வீட்டு வாசலில் நின்று பாருங்கள். ராயபுரத்திலோ, காசிமேட்டிலோ, திருவொற்றியூரிலோ, எண்ணூரிலோ குடியிருக்கும் நம்மில் பலருக்கு மிக அருகில் இருக்கும் வாசலில் மாவிலைத் தோரணம் தொங்கும். அல்லது கதவின் மேலே சிலுவை இருக்கும். அந்த வாசலுக்கு நாம் என்ன கடமைப்பட்டிருக்கிறோம் என்பதே இந்த வார உரையின் பொருள்.

நாம் வாழும் ஊர்

நம்முடைய ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ராயபுரம் என்ற பெயர் ராயப்பர் என்பதிலிருந்து வந்தது. பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் ராயப்பர் என்று அழைத்தார்கள். கிறிஸ்தவ மரபில் அவர் ஈஸா (அலை) அவர்களின் முதன்மைச் சீடர். துறைமுகத்தில் படகோட்டிப் பிழைத்த மக்கள் தங்கள் உழைப்பில் கட்டிய பேதுரு ஆலயம் இன்றும் இங்கே நிற்கிறது. ஈஸா நபியின் சீடர்களை அல்லாஹ் திருமறையில் ஹவாரிய்யூன் என்று சிறப்பித்துச் சொல்கிறான். (61:14) அந்தச் சீடர்களில் ஒருவரின் பெயரைத் தாங்கிய ஊரில்தான் நாம் தினமும் ஐந்து வேளை ஸுஜூது செய்கிறோம்.

அதே ராயபுரத்தில் 1910-ல் திறக்கப்பட்ட பார்சிகளின் அக்னி ஆலயம் இருக்கிறது. தமிழகம் முழுவதிலும் அவர்களுக்கு இருப்பது அந்த ஒன்றுதான். வடக்கே போனால் திருவொற்றியூரில் தியாகராஜர், வடிவுடையம்மன் கோயில். தெற்கே மண்ணடிக்கு வந்தால் லிங்கிச் செட்டித் தெரு, தம்புச் செட்டித் தெரு, அங்கப்ப நாயக்கன் தெரு. தெருக்களின் பெயர்கள் இவை. அந்தத் தெருக்களின் காற்றில் கலந்திருப்பது பாங்கோசை. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. துறைமுகம், ரயில், ஆலை என்று வேலை தேடி வந்தவர்கள் எல்லா மதத்தவரும்தான். இப்படி அடுத்தடுத்த வீடுகளில் வாழும் வாழ்க்கையை நாம் திட்டமிட்டு அமைக்கவில்லை. அல்லாஹ்வின் ஏற்பாடு இது. மனிதர்களைப் பல கிளைகளாகவும் கூட்டங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காக என்று அவன் சொல்கிறான். (49:13)

சகவாழ்வு வேறு, கலப்பு வேறு

இந்தப் பேச்சை எடுத்தாலே நம்மில் சிலருக்கு ஒரு பயம் வரும். நல்லிணக்கம் என்று சொல்லி ஈமானைக் கரைத்துவிடுவார்களோ என்ற பயம். அந்தக் கவலையை அலட்சியம் செய்ய முடியாது. அதனால் எல்லைக் கோட்டை முதலில் தெளிவாகப் போட்டுவிடுவோம்.

வணக்கம் அல்லாஹ்வுக்கு மட்டுமே. அதில் சமரசம் கிடையாது. அவர்களுக்கு அவர்களின் மார்க்கம், நமக்கு நம் மார்க்கம் என்பதே ஸூரத்துல் காஃபிரூன் கற்றுத்தரும் நிலைப்பாடு. எல்லா மதமும் ஒன்றுதான் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. நம் பக்கத்து வீட்டுக்காரரும் நம்மிடம் அதை எதிர்பார்ப்பதில்லை.

அதே நேரத்தில், மார்க்கத்தை யார் மீதும் திணிக்கக் கூடாது என்பதும் குர்ஆனின் கட்டளை. (2:256) அல்லாஹ் நாடியிருந்தால் பூமியில் உள்ள அனைவருமே நம்பிக்கை கொண்டிருப்பார்கள். அப்படியிருக்க, மக்களை நம்பிக்கை கொள்ளுமாறு நிர்ப்பந்திக்க முடியுமா என்று நபியவர்களிடமே அவன் கேட்கிறான். (10:99) மார்க்க விஷயத்தில் நம்மோடு போரிடாத, நம்மை வீடுகளிலிருந்து வெளியேற்றாத மக்களுக்கு நன்மை செய்வதையும், அவர்களிடம் நீதியாக நடப்பதையும் அல்லாஹ் தடுக்கவில்லை. நீதியாளர்களை அவன் நேசிக்கிறான் என்று ஸூரத்துல் மும்தஹினா சொல்கிறது. (60:8)

அபூபக்ர் (ரலி) அவர்களின் மகள் அஸ்மா (ரலி) அவர்களைப் பார்க்க, இஸ்லாத்தை ஏற்காத அவர்களின் தாயார் ஆசையோடு வந்தார். தாயாரோடு உறவு பேணலாமா என்று அஸ்மா கேட்டபோது, உறவைப் பேணுமாறு நபியவர்கள் சொன்னார்கள். (புகாரி: 2620) கொள்கை வேறாக இருந்ததால் வீட்டுக் கதவு சாத்தப்படவில்லை.

ஒரு கவசமும் ஒன்பது வசனங்களும்

நன்மை செய்வதைவிடக் கடினமானது நீதி. ஒரு தட்டு பிரியாணியை எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிடலாம். ஆனால் எதிர்வீட்டுக்காரருக்கும் நம் சொந்தக்காரருக்கும் இடையே ஒரு வழக்கு வந்தால் நாம் எங்கே நிற்கிறோம்? சோதனை அங்கேதான் வருகிறது.

ஸூரத்துன் நிஸாவின் 105 முதல் 113 வரையுள்ள வசனங்கள் இறங்கிய பின்னணியாகத் தஃப்ஸீர் நூல்களில் ஒரு சம்பவம் சொல்லப்படுகிறது. விவரங்களில் அறிவிப்புகள் வேறுபட்டாலும், பரவலாகச் சொல்லப்படுவது இதுதான். மதீனாவில் துஃமா என்பவர் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கவசத்தைத் திருடினார். கவசம் மாவு இருந்த பையில் இருந்தது. பையில் ஓட்டை. மாவு வழிநெடுகச் சிந்தியது. மாட்டிக்கொள்வோம் என்று பயந்த அவர், கவசத்தை ஸைத் என்ற யூதரிடம் கொடுத்து வைத்தார். தேடி வந்தவர்கள் யூதரின் வீட்டில் கவசத்தைக் கண்டார்கள். இதைத் தந்தது துஃமாதான் என்று அவர் சொன்னார். அவருடைய மக்களும் சாட்சி சொன்னார்கள்.

துஃமாவின் குடும்பத்தார் என்ன செய்தார்கள்? நபியவர்களிடம் போய், எங்கள் ஆளுக்காக நீங்கள் வாதாட வேண்டும். இல்லாவிட்டால் அவர் கேவலப்பட்டுவிடுவார், யூதர் தப்பித்துவிடுவார் என்றார்கள். ‘நம்ம ஆளு’ என்ற வாதம் அன்றைக்கே இருந்திருக்கிறது!

அப்போது வஹீ வந்தது. மோசடிக்காரர்களுக்காக வாதாடுபவராக ஆகிவிட வேண்டாம் என்று அல்லாஹ் தன் தூதருக்கே உணர்த்தினான். தான் செய்த குற்றத்தை நிரபராதி ஒருவர் மீது சுமத்துகிறவன் அவதூறையும் பகிரங்கமான பாவத்தையும் சுமந்துகொள்கிறான் என்று எச்சரித்தான்.

அன்றைய சூழ்நிலையை எண்ணிப் பாருங்கள். மதீனாவின் யூதக் கோத்திரங்களில் சிலரோடு முஸ்லிம்களுக்குக் கடுமையான பிணக்குகள் இருந்த காலம் அது. அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு யூதர் நிரபராதி என்று அறிவிக்கும் வசனங்கள் இறங்குகின்றன. நாம் அவற்றைத் தொழுகையிலும் ஓதுகிறோம். கியாமத் வரை ஓதுவோம். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீங்கள் நீதி தவறுவதற்குக் காரணமாகிவிடக் கூடாது என்ற ஸூரத்துல் மாயிதாவின் கட்டளைக்கு (5:8) இதைவிடச் சிறந்த விளக்கம் வேறென்ன வேண்டும்?

ஆகவே சகோதரர்களே! நம் தெருவில் ஒரு வாக்குவாதம். நம் பையன் வண்டியை வேகமாக ஓட்டிவந்து பூக்காரம்மாவின் கூடையில் மோதிவிட்டான். நாலு பேர் கூடுகிறார்கள். அங்கே யார் எந்த மதம் என்ற கணக்கு நமக்கு வரக் கூடாது. தவறு நம் பையனுடையது என்றால், அதைச் சொல்லும் முதல் வாய் நம்முடையதாக இருக்க வேண்டும். கூடைக்கான பணத்தைக் கொடுக்கும் முதல் கையும் நம்முடையதாக இருக்க வேண்டும். ஒரு தெருவின் அமைதி பெரும்பாலும் இந்தச் சின்ன இடத்தில்தான் காப்பாற்றப்படுகிறது, அல்லது கெட்டுப்போகிறது.

நபியவர்களின் அன்றாட வாழ்க்கை

நபி (ஸல்) அவர்கள் மரணித்தபோது அவர்களின் போர்க் கவசம் முப்பது ஸாஉ வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடமானமாக இருந்தது. (புகாரி: 2916) உயிர் கொடுக்கத் தயாராக இருந்த ஸஹாபாக்கள் சுற்றி இருந்தும், பிறமதத்தவரோடு கொடுக்கல் வாங்கல் கடைசி வரை தொடர்ந்திருக்கிறது என்பதற்கு இது ஆதாரம்.

காதிஸிய்யாவில் ஒரு ஜனாஸா கடந்து சென்றபோது ஸஹ்ல் பின் ஹுனைஃப் (ரலி), கைஸ் பின் ஸஅத் (ரலி) இருவரும் எழுந்து நின்றார்கள். இறந்தவர் இந்நாட்டின் பிறமதக் குடிமகன் ஆயிற்றே என்று சிலர் கேட்டார்கள். ஒரு யூதரின் ஜனாஸாவுக்கு நபியவர்கள் எழுந்து நின்றதையும், இதே கேள்வி எழுந்தபோது அவரும் ஓர் உயிர் அல்லவா என்ற கருத்தில் பதில் தந்ததையும் அவர்கள் நினைவுகூர்ந்தார்கள். (புகாரி: 1312) பறை முழங்க ஓர் இறுதி ஊர்வலம் நம் கடையைக் கடக்கும்போது, முகம் சுளிப்பதா, எழுந்து நிற்பதா என்ற கேள்விக்கு இதில் பதில் இருக்கிறது.

அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்களின் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டது. நம் யூத அண்டை வீட்டாருக்கு அனுப்பினீர்களா என்று திரும்பத் திரும்ப அவர்கள் விசாரித்தார்கள். அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) விடாமல் வலியுறுத்தியதால், அவர்களை வாரிசுகளாகவே ஆக்கிவிடுவாரோ என்று தாம் எண்ணியதாக நபியவர்கள் சொன்ன ஹதீஸைத்தான் அதற்குக் காரணமாகக் கூறினார்கள். (அபூதாவூத், திர்மிதீ) அண்டை வீட்டார் என்ற சொல்லில் பிறமதத்தவரும் அடங்குவர் என்பதை ஸஹாபாக்கள் இப்படித்தான் விளங்கியிருந்தார்கள்.

நம் மண்ணில் நடந்தவை

திருவல்லிக்கேணி வாலாஜா மஸ்ஜித் 1795-ல் கட்டப்பட்டது. அது கட்டப்பட்ட ஆண்டைக் குறிக்கும் பாரசீகக் கல்வெட்டு வரிகளை இயற்றியவர் நவாபிடம் பணியாற்றிய ராஜா மக்கன்லால் என்ற இந்து. அதே மஸ்ஜிதில் பல ஆண்டுகளாக ரமளானில் நோன்பு திறக்கும் உணவை மயிலாப்பூரில் உள்ள சூஃபிதார் அறக்கட்டளையினர் கொண்டுவந்து பரிமாறுகிறார்கள். பிரிவினையின்போது சிந்துவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த இந்துக் குடும்பங்களின் அமைப்பு அது. பிரிவினையில் வீடிழந்தவர்கள் மனதில் வெறுப்பை வளர்த்திருக்கலாம். அவர்கள் முஸ்லிம்களின் நோன்பைத் திறந்துவைக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள்!

நம் பக்கமும் மறக்க முடியாத பக்கங்கள் இருக்கின்றன. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் சுற்றுவட்டார மீனவ மக்களுக்கு இடம் கொடுத்து, சமைத்துப் போட்டார்கள். நாகூரில் தர்ஹா இடத்தில் இறந்தவர்களின் உடல்கள் மதம் பார்க்காமல் அடக்கப்பட்டன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைப் பள்ளிவாசல்களில் உணவு சமைத்து வீடு வீடாகக் கொண்டுபோனார்கள் நம் இளைஞர்கள். கோட்டூர்புரத்தில் சேறு புகுந்த கோயிலைக் கழுவிக் கொடுத்ததும் முஸ்லிம் தன்னார்வலர்கள்தான். அவர்கள் அங்கே வணங்கப் போகவில்லை, சேற்றை அள்ளப் போனார்கள். நாம் மேலே போட்ட எல்லைக் கோடும் அழியவில்லை; மனிதநேயமும் குறையவில்லை.

எண்ணூரின் காற்று யாருடையது?

இன்னொரு கடமை இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கலந்து கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் பரவியது. வலையும் படகும் கறுத்துப்போயின. வீட்டுச் சுவர்களில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது. அந்த வேதனை ஆறுவதற்குள், டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறிய மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள்.

அந்த வாயு எந்த வீட்டில் விளக்கு ஏற்றுகிறார்கள், எந்த வீட்டில் தொழுகிறார்கள் என்று பார்த்து நுழையவில்லை. துன்பம் பொதுவானது என்றால் அதை நீக்கும் முயற்சியும் பொதுவானதுதான். நபித்துவத்திற்கு முன்பு மக்காவில் அப்துல்லாஹ் பின் ஜுத்ஆனின் வீட்டில் ஓர் ஒப்பந்தம் நடந்தது. அநீதி இழைக்கப்பட்டவர் யாராக இருந்தாலும் அவருக்காகச் சேர்ந்து நிற்போம் என்ற உறுதிமொழி அது. ஹில்ஃபுல் ஃபுளூல் என்று வரலாறு அதை அழைக்கிறது. அதில் கலந்துகொண்டதை நபியவர்கள் பிற்காலத்தில் பெருமையோடு நினைவுகூர்ந்தார்கள். இஸ்லாம் வந்த பிறகு அப்படி ஓர் அழைப்பு வந்தாலும் ஏற்பேன் என்ற கருத்தில் சொன்னார்கள். அதில் இருந்தவர்கள் முஸ்லிம்கள் அல்லர். நோக்கம் நீதியாக இருந்தது.

ஆகவே காற்றுக்காகவும் தண்ணீருக்காகவும் குப்பத்து மக்கள் கூட்டம் போடும்போது, ‘அது மீனவர் பிரச்சினை’ என்று நம் ஜமாஅத் ஒதுங்கக் கூடாது. மனு கொடுக்க நாமும் போக வேண்டும். மருத்துவ முகாம் நடத்தப் பள்ளிவாசல் மாடியைத் திறந்து கொடுக்க வேண்டும்.

இந்த வாரமே தொடங்க வேண்டியவை

முதலில் நம் குறையிலிருந்து தொடங்குவோம். இதை நான் எனக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

1. ஜும்ஆ நேர வண்டிகள். நம் தெருக்கள் குறுகலானவை. தக்பீர் கட்டும் அவசரத்தில் அடுத்த வீட்டு கேட்டை மறித்து பைக்கை நிறுத்திவிட்டு ஓடுகிறோம். அந்த வீட்டில் நெஞ்சுவலியோடு ஒரு பெரியவர் இருந்தால், ஆட்டோ எப்படி வெளியே வரும்? எவனுடைய தீங்கிலிருந்து அண்டை வீட்டார் நிம்மதியாக இல்லையோ அவன் முழுமையான முஃமின் அல்ல என்று நபியவர்கள் அல்லாஹ்வின் மீது ஆணையிட்டு மும்முறை எச்சரித்திருக்கிறார்கள். (புகாரி: 6016) ஸஃப்பில் முந்தி நிற்கும் நன்மைக்காக இந்தப் பாவத்தைச் சுமக்கலாமா?

2. குர்பானி நாட்கள். இரத்தமும் கழிவும் தெருவில் ஓடினால், வாசல் தெளித்துக் கோலம் போடும் வீட்டாருக்கு அது எவ்வளவு வேதனை! கழிவை மூட்டை கட்டி உடனே அகற்றுவதும், தெருவைக் கழுவிவிடுவதும் அந்த இபாதத்தின் ஒழுக்கம்.

3. நோன்புக் கஞ்சி. நம் கஞ்சியை விரும்பிக் கேட்டு வாங்கிச் செல்லும் பிறமத மக்கள் நிறையப் பேர். அதில் கறி சேர்த்திருக்கிறதா இல்லையா என்பதைக் கேட்காமலேயே சொல்லிவிடுங்கள். சைவம் சாப்பிடுபவரின் நம்பிக்கை நம்மிடம் உள்ள அமானிதம்.

4. கோயிலிலிருந்து வரும் தட்டு. பக்கத்து வீட்டம்மா அன்போடு பிரசாதம் கொண்டுவருகிறார். படையலுக்கு வைத்ததை நாம் உண்பதில்லை. அதைச் சொல்லும் விதம் முக்கியம். ‘எங்க மார்க்கத்துல சாமிக்குப் படைச்சதைச் சாப்பிட மாட்டோம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க, உள்ள வாங்க, டீ குடிச்சிட்டுப் போங்க’ என்று சொன்னால் அவர் மனம் நோகாது. கதவை அறைந்து சாத்துவது தவ்ஹீத் ஆகாது.

5. ஊர்வலங்கள். விநாயகர் சிலைகள் கரைக்கப்படும் இடங்களில் காசிமேடும் திருவொற்றியூரும் உண்டு. அந்த நாட்களில் நம் இளைஞர்கள் தண்ணீர் பாட்டிலோடு நிற்கட்டும், கைப்பேசியில் படம் பிடித்து வம்பு தேட வேண்டாம். யாராவது கோஷம் போட்டுச் சீண்டினால், அறியாதவர்கள் வம்புக்கு வரும்போது ஸலாம் சொல்லிக் கடந்து போவதே ரஹ்மானின் அடியார்களின் பண்பு என்பதை (25:63) நினைவில் வையுங்கள்.

6. வாட்ஸ்அப். பிறர் வணங்குபவற்றைத் திட்ட வேண்டாம் என்று குர்ஆன் நேரடியாகவே தடுத்திருக்கிறது. (6:108) அவர்களின் தெய்வங்களைக் கேலி செய்யும் படத்தைப் பகிர்வதும் திட்டுவதுதான். அதேபோல், எங்கோ நடந்த கலவரத்தின் பழைய வீடியோவை ‘நம்ம ஏரியா’ என்று போட்டு அனுப்புகிறார்கள். கேள்விப்பட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்பது நபிமொழியின் கருத்து. (முஸ்லிம்) செய்தி உங்கள் கையோடு நிற்கட்டும்.

இவ்வளவும் செய்தால் எதிர்ப்பக்கம் எல்லாரும் மாறிவிடுவார்களா என்று கேட்கலாம். மாறாமலும் போகலாம். நம் மீது வெறுப்பைப் பரப்புகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அதைச் சட்டப்படி எதிர்கொள்வதும் நம் உரிமை. ஆனால் அண்டை வீட்டாரின் ஹக் அவர்களின் நடத்தைக்குக் கூலியாக நாம் கொடுப்பதல்ல. மறுமையில் அல்லாஹ் நம்மிடம் கேட்கப்போகும் கணக்கு அது. உடன்படிக்கையில் உள்ள பிறமதத்தவருக்கு ஒருவர் அநீதி இழைத்தால், மறுமையில் அவருக்கு எதிராகத் தாமே வாதாடப்போவதாக நபியவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். (அபூதாவூத்: 3052) யாருடைய ஷஃபாஅத்தை நம்பி வாழ்கிறோமோ, அந்த நபியே எதிர்த்தரப்பில் நிற்கும் நிலை நமக்கு வேண்டாம்.

இன்று அஸருக்குப் பிறகு ஒரு வேலை செய்யுங்கள். உங்களுக்கு மிக அருகில் இருக்கும் அந்த வாசலைத் தட்டி, நலம் விசாரியுங்கள். பேர் தெரியாவிட்டால் பேரைக் கேளுங்கள். பல வருடம் பக்கத்தில் வாழ்ந்தும் பேர் தெரியாமல் இருப்பதற்கு வெட்கப்படுவோம்.

யா அல்லாஹ்! எங்கள் ஈமானை உறுதியாக்குவாயாக. எங்கள் நாவினாலும் கையினாலும் அண்டை வீட்டார் நோகாமல் காப்பாயாக. எங்களுக்குப் பாதகமாக இருந்தாலும் நீதியின் பக்கம் நிற்கும் துணிவைத் தருவாயாக. எங்கள் ஊரின் காற்றையும் கடலையும் அதில் பிழைக்கும் அனைவரையும் பாதுகாப்பாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.